கம்பிக்கு இந்தப் பக்கம்

முகங்கள் எனக்கு அவ்வளவாகத் தெரியாது.
குடியாத்தம், நெல்லூர்பேட்டை தாண்டி எங்கள் கடை.
கம்பிவலையில் ஒரு சதுரம் வெட்டியிருக்கும்;
கை நுழையும், தலை நுழையாது.

எம்.எஸ்சி. வேதியியல் முடித்தவன் நான்.
எத்தனால் எத்தனை டிகிரியில் கொதிக்கும் என்று
பதினோரு வருஷத்தில் ஒருவரும் கேட்டதில்லை.
"ஒரு கோட்டரு, நைனா."

விரலிடுக்கில் சாயம் இருந்தால் லுங்கித் தறி.
நகத்தடியில் மருந்து காய்ந்திருந்தால் தீப்பெட்டி.
பேரணாம்பட்டு பஸ்ஸில் வந்திறங்கும் கையில்
எந்த சோப்புக்கும் மசியாத தோல் வாடை.
ஒருநாள் சாக்பீஸ் தூசியோடு ஒரு கை வந்தது.
நான் குனிந்து பார்க்கவில்லை.
அல்ஜீப்ரா சொல்லிக்கொடுத்த கையாக இருந்தால்
சில்லறை எண்ணும்போது தப்பு வந்துவிடும்.

பன்னிரண்டு மணிக்கு ஷட்டர் ஏறும்போதே
நிற்கிற கைகள் நடுங்கும்.
காற்றே இல்லாமல் நோட்டு படபடக்கும்.
அதே கை சாயங்காலம் வரும்போது
ஊசியில் நூல் கோக்கலாம், அத்தனை நிதானம்.
நடுக்கம் இதில் எந்தப் பக்கம் நிற்கிறது?
இந்தச் சமன்பாடு எனக்கு இன்றுவரை
சரிக்கட்டி வரவில்லை.

கெங்கையம்மன் சிரசு அன்று கடை லீவு.
முந்தின ராத்திரி மூன்று நாள் சரக்கு போகும்.

கஜபதியின் மணிக்கட்டில் 'சம்பங்கி' என்று பச்சை.
'ம்'மின் புள்ளியை ஒரு தழும்பு தின்றிருந்தது.
முதலில் சனிக்கிழமை மட்டும்.
பிறகு தறி ஓடின நாளெல்லாம்.
பிறகு தறி ஓடாத நாளும்.
கொடுத்தது நான்தான்.
கை இளைத்து இளைத்து
பச்சை எழுத்துகள் ஒன்றோடொன்று நெருங்கி வந்ததை
கம்பிக்கு இந்தப் பக்கம் என்னைவிட யார் பார்த்தது?

ஆனியில் ஒரு வாரம் அந்தக் கை வரவில்லை.
வராதவர்கள் விட்டவர்களாக இருக்கலாம்.
வேறு மாதிரியும் இருக்கலாம்.
நான் முதலாவதையே நினைத்துக்கொண்டு
மற்ற கைகளுக்கு எடுத்துக்கொடுத்தேன்.

எட்டாம் நாள் சிமெண்ட் சாக்கு ஒன்று
தரையில் உட்காருகிற சத்தம்.
காலி பாட்டில்கள். பத்து ரூபாய்க்கு ஒன்று.
ஸ்டிக்கர் பார்த்து எண்ணினேன், நாற்பத்தி மூன்று.
வளையல் இல்லாத கை, பீடி இலை வெட்டிய கீறல்கள்.
"இந்த மாசத்துது மட்டும்தான்" என்றாள்,
நான் கேட்காமலே.

நானூற்றி முப்பதை நீட்டினேன்.
எடுக்கவில்லை. கை அப்படியே இருந்தது.

"அதுல ஒரு கோட்டரு குடு."

கடைக்குள் ஃபேன் மட்டும் சுற்றியது.

"நாந்தான் ஒளிச்சி வச்சேன்.
வுட்டுடுவாருன்னு பாத்தேன்.
ரெண்டாம் நாளு வலிப்பு வந்துச்சி.
ராத்திரியெல்லாம் செவுத்துல பூச்சி ஊர்துன்னு
வெறுங்கையால அடிச்சிகினே கீறாரு.
புள்ளைங்கள பக்கத்து வூட்ல வுட்டுட்டு வந்துகிறேன்.
இத குட்சாவது தூங்கட்டும்."

பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போ,
திடீரென்று நிறுத்தினால் ஆபத்து, மருந்து இருக்கிறது,
நூற்றெட்டுக்குப் போன் பண்ணு என்றேன்.
தெரிந்ததையெல்லாம் சொன்னேன்.
சொல்லிக்கொண்டே
என் கை பின்னால் அலமாரிக்குப் போய்விட்டிருந்தது.
அதற்கு வழி தெரியும்.

அவள் பின்னால் வரிசை உறுமியது.
"இன்னா அங்க பேச்சி, சீக்கிரம்."

பாட்டிலை முந்தானைக்குள் சுற்றினாள்,
பால் வாங்கிப் போகிற மாதிரி.
மீதியை எண்ணாமல் முடிந்துகொண்டாள்.
அப்போதுதான் சதுரத்தின் வழியே
கொஞ்சம் முகம் தெரிந்தது. சின்ன வயசு.

ராத்திரி பத்துக்குக் கல்லாவை முடிக்கும்போது
கணக்கு ஒரு ரூபாய் பிசகவில்லை.

ஆடி போய் ஆவணியும் வந்துவிட்டது.
எல்லாப் பாட்டிலும் ஏதாவதொரு சாக்கில் திரும்புகிறது.
அவளுக்குக் கொடுத்தது மட்டும் வரவில்லை.
பத்து ரூபாய் அவள் பேரில் நிற்கிறது.
தினமும் மதியம் ஷட்டரைத் தூக்கியதும்
முதலில் மணிக்கட்டுகளைப் பார்க்கிறேன்.