எட்டு றாத்தல்

வின்னிபெக், எல்லிஸ் அவென்யூ, பழஞ்சாமான் கடை.
நான்கு இரும்புச் சட்டிகளையும் கண்ணாடி மேசையில் வைத்து
விளிம்பை அமத்திப் பார்த்தேன்.
ஒன்று தள்ளாடியது.
ஒன்றைச் சுண்டினால் செத்த சத்தம், எங்கோ கீறல்.
மூன்றாவது இலேசு.
"இதை எடும், கை நோகாது" என்றார் குகபாலன்.
நான்காவது எட்டு றாத்தல்.
சுண்டியதும்
கடைக்காரன் நிமிர்ந்து பார்த்தான்.

இரவு எண்ணெய் பூசிப் பழக்கினேன்.
புகை. அலாரம்.
பன்னிரண்டு மாடியும் படியிறங்கிப்
பனிக்குள் நின்றது, மைனஸ் இருபத்தாறில்.

கடவுச்சீட்டை விட்டுவிட்டுச்
சட்டியைத் துவாயில் சுற்றித் தூக்கி வந்திருக்கிறேன்.

தீயணைப்பு வண்டியைக் காணோம்.
சட்டி ஆறவில்லை.
ஏழாம் மாடி ஒலேனா முறைத்துக்கொண்டே
கையுறையைக் கழற்றினாள்.
பிறகு இன்னொரு கை,
பைஜாமாவோடு ஒரு பையன்,
பெயர் தெரியாத நாலைந்து பேர்.

"நல்ல சட்டி" என்றாள் ஒலேனா.

"தெரிவு செய்தது நான்தான்"
என்றார் குகபாலன்.