கொப்பி

பொகவந்தலாவை பஸ் நிற்கும் இடத்திலிருந்து
நாலாவது கடை எங்களுடையது.
செவ்வாய்க்கிழமை கொழும்பில் தேயிலை ஏலம்.
என்ன விலைக்குப் போனது என்று
எங்களுக்கு யாரும் சொன்னதில்லை.
அடுத்த மாசம் பத்தாம் தேதி
அலுமாரியிலிருந்து எத்தனை டின்பால் இறங்குகிறது,
அதைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அப்பா கடன் கொப்பிகளுக்குத்
தோட்டத்து ஒழுங்கில் பெயர் வைத்திருந்தார்:
மேல்கணக்கு, கீழ்க்கணக்கு, ஸ்டோர் ஆட்கள்.
கடை என் கைக்கு வந்தபோது நாற்பத்தொன்று.
எலி தின்றது போக முப்பத்தெட்டு.

எழுபத்துநாலில் ஒரு பக்கம் முழுக்க
மா கால் றாத்தல், மா கால் றாத்தல்,
பிறகு மா என்ற எழுத்தே இல்லை.
எண்பத்துநாலில் விலை ஏறியது.
ஒரே கிழமையில் ஒன்பது வீட்டுக்கு ரேடியோ பேட்டரி,
மேல்கணக்குக் கணக்கப்பிள்ளைக்கு
வாசனை சோப் ஒரு டஜன்.

தொண்ணூறு ஆகஸ்ட்.
ஈராக்காரன் குவைத்துக்குள் போன செய்தி
அந்த ரேடியோக்களில்தான் வந்திருக்கும்.
குருசுமலைத் தோட்டத்து ஸ்டோரில்
தூள் மூட்டை கூரையை முட்டி நின்றது.
வேலை கிழமைக்கு நாலு நாள், பிறகு மூன்று.

செவனம்மா, அஞ்சாம் நம்பர் லயம்:
மா இரண்டு கிலோ
மண்ணெண்ணெய் ஒரு போத்தல்
பிள்ளைக்குக் கொப்பி ஒன்று
பாக்கி 412.75

அதற்குப் பிறகு பதினொரு மாசம் அவள் பெயர் இல்லை.
என்ன தின்றார்களோ.
வாங்காததை அப்பா எழுதுவதில்லை.

ரஷ்யாக்காரன் வாங்க வந்தான், கம்பெனி வந்தது,
ஸ்டோரைப் பூட்டினார்கள்.
கொழுந்து இப்போது லொறியேறி வேறெங்கோ வாடப் போகிறது.
உரம் கிடைக்காத வருஷம்
செடி மஞ்சளித்தது, என் கொப்பி தடித்தது.

போன வியாழன் யோகராணி வந்தாள்.
செவனம்மாவின் மகள், அந்தப் பிள்ளை.
குவைத்தில் பத்தொன்பது வருஷம், மூன்று வீடு.
ஒரு தகர டப்பாவை மேசையில் வைத்தாள்.
மூடியில் கொழுந்து பறிக்கிற பெண்,
காதில் ஜிமிக்கி, காலில் அட்டை இல்லை.

"மேடத்துக்கு மாசாமாசம் நான்தான் வாங்குவேன். ரெண்டரை தினார்.
பின்னால நம்ம ஊர்ப் பேர் அரபியில.
அந்த வீட்டுச் சின்னவன்தான்
எழுத்துக் கூட்டிக் காட்டினான்."

கடைக்காரி புத்தி, மனசுக்குள் பெருக்கினேன்.
இரண்டு நாள் பேர்
ஒரு கால் கிலோ டப்பாவுக்குள்.

அவள் அம்மாவின் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன்.
தேதியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.
"அந்த மாசத்தைப் பத்தி
மேடம் வீட்ல யாரும் பேசமாட்டாங்க" என்றாள்.
பிறகு கீழே விரல் வைத்து,
"ஒற்றை ரூல் கொப்பி. பாதிதான் எழுதினேன்."

வட்டி எவ்வளவு என்று கேட்டாள்.
அப்பா வட்டி எழுதியதில்லை,
விலையிலேயே வைத்திருப்பார் என்றேன்.
இரண்டு பேரும் சிரித்தோம், அவள் முதலில் நிறுத்தினாள்.
ஐந்நூறு ரூபாய்த் தாள்.
எண்பத்தேழு ரூபாய் மீதி எண்ணினேன்,
இருபத்தைந்து சதம் இப்போது யாரிடமும் இல்லை.
கோடு போடச் சிவப்புப் பேனாவை எடுத்தால்
மை காய்ந்திருந்தது. நீலத்தில் போட்டேன்.

டப்பாவைக் காட்டி
தேத்தண்ணி ஊற்றவா என்றேன்.
"வேணாம்க்கா, நெஞ்செரியுது.
கோப்பி இருக்கா?"

இந்த மலையில் முதலில் நின்றது கோப்பிதான்,
இலையில் நோய் விழுந்து போனது.
ஐந்தாம் வகுப்பில் படித்தது, பரீட்சைக்கு வரவில்லை.

கொக்கியில் தொங்கிய சின்னப் பாக்கெட்டில் ஒன்றைக் கிழித்தேன்.
தண்ணீர் கொதிக்கும்வரை
அதன் பின்பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
எந்த ஊர் என்று
போட்டிருக்கவில்லை.