பதினாலாம் நாள்

இடப்பக்க விலாவில்
மூன்று நாளாய் ஒரு எரிவு.
மில்லில் கணக்கெழுதும் கதிரையின் சட்டம்
உரசினதாக்கும் என்றிருந்தேன்.
நாலாம் நாள் சேட்டைக் கழற்ற
முதுகிலிருந்து தொப்புள் வரை
பாதி அரைக்கச்சை,
நீர் கோத்த சிவப்பு மணிகள்.

அக்கி என்றா பக்கத்து வளவு மனுசி.
காவி குழைத்து எழுதுவிக்கச் சொன்னா.
நான் கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு
மாங்குளத்தில் வவுனியா பஸ் ஏறினேன்.
இன்னொருத்தியின் சிறுநீரகத்தோடு நடக்கிறவனுக்குக்
காவியை நம்ப ஏலாது.

டொக்டர் பெடியன்
கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டான்:
சின்னனில் கொப்புளிப்பான் வந்ததோ?
வந்தது.
அதுதான் இது. போகவேயில்லை.
நரம்பின் வேரில் படுத்திருந்திருக்கு.
கிட்னியை உடம்பு துரத்தாமலிருக்க
நாங்கள் தாற குளிசை
இதையும் கண்டும் காணாமல் விட்டிட்டுது.

முப்பது வருசம்.
மூன்று தரம் இடம்பெயர்ந்தோம்.
காணி உறுதி போனது, தையல் மெசின், ஒரு சைக்கிள்,
அப்பாவின் ஒரேயொரு படம்.
இதை மட்டும்
ஒரு சோதனைச்சாவடியும் பிடிக்கவில்லை.

ஏழு நாள் ஊசி மருந்து.
மூலைக் கட்டில், இழுத்து விட்ட ஒரு திரை.
கொப்புளிப்பான் வராத ஆக்கள்
கிட்டப் போகக்கூடாது என்றா தாதி.
மனைவிக்கு வந்ததில்லை, வயிற்றில் ஆறு மாதம்.
சாருஜனுக்கும் வந்ததில்லை.
யன்னலுக்கு வெளியே நின்று
புதுப் பந்தை உயர்த்திக் காட்டினான்.

உள்ளே வந்தது கோகிலமதி அக்கா.
வெட்டின இடத்தில் கையை வைத்து நடக்கிற பழக்கம்
இன்னும் போகவில்லை அவவுக்கு.
கலமைன் போத்தலைக் குலுக்கிப்
பஞ்சில் ஊற்றினா.

ஒலுமடுவில் ஒரே பாயில் கிடந்தோம் அப்போது,
ஒரே வேப்பங்குழை, ஒரே இளநீர்.
முதலாம் வகுப்பிலிருந்து நான் கொண்டுவந்தது;
பதினாலாம் நாள் அவவுக்கு.
அந்தக் கிழமைதான் புலமைப்பரிசில் சோதனை.
நெற்றியில் இரண்டு வடு இப்பவும் இருக்கு.

"அக்கா, முதல் தந்தது நான்"
பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.
"ஓம். அதாலதான் இப்ப
உன்னைத் தொட விட்டவை.
அசையாதை."

திரைக்கு அப்பால் யாரோ
என் சலப் போத்தலை வெளிச்சத்தில் பிடித்து
சத்தமாய் வாசித்தார்கள்:
ஆயிரத்து எண்ணூறு.
அக்கா பஞ்சை ஒரு கணம் நிறுத்தித்
தலையாட்டினா,
தன் கணக்கைச்
சரி பார்க்கிறவ போல.