எதிர்தரப்பு

பாரிசால் முன்சீப் கோர்ட்டில்
மொத்தஹார் சாகிபின் பேனாவுக்கு மை நிரப்பியவன் நான்.
நிபாரண் சமாத்தார், பெஞ்ச் கிளார்க்.
முப்பத்தோரு வருஷம் அவர் முதுகைப் பார்த்தே நடந்தேன்.

முதல் பெரிய வழக்கைத் தொடுத்தது மேக்னா நதி.
கரையைத் தின்று, எட்டு வருஷம் கழித்து
நடு ஆற்றில் துப்பியிருந்தது நாற்பது காணி மண்ணை.
இரண்டு குடும்பம், மூன்று பிணம், ஒரு பொய் வரைபடம்.
சாகிப் படகில் போனார்.
முழங்கால் சேற்றில் இறங்கி
நாணல் ஒன்றைப் பிடுங்கி வேரை மோந்தார்.
"இது பழைய மண்ணா, புதுசா?"
கேட்டது எதிர்தரப்பின் சாட்சியை,
கொகுல் மாலோ என்ற மீன்காரனை.
அவன் தும்மியதைத் தவிர மற்றதெல்லாம் எழுதச் சொன்னார்.

அப்புறம் ஜில்லா ஜட்ஜ். அப்புறம் டாக்கா ஹைகோர்ட்.
மழைக்கு முந்தின புழுக்கத்தில்
விக்குக்குள்ளிருந்து வியர்வை இறங்கி
தீர்ப்புகளை அங்கங்கே கலைத்திருக்கிறது.
தூக்கு எழுதினால் பேனா முனையை ஒடிப்பது வழக்கம்.
இவர் ஒடித்ததில்லை.
"பேனா என்ன குற்றம் செய்தது, நிபாரண்?"
அன்றிரவு மட்டும் ஹில்சாவைத் தொடமாட்டார்.

கராச்சியிலிருந்து தந்தி வந்தது.
ஜட்ஜ் கவர்னரானார்.

கவர்னர் மாளிகையில் கூண்டு கிடையாது, சாட்சி கிடையாது,
"மை லார்டு" என்று இழுக்கிற வக்கீலும் கிடையாது.
கோப்பு வரும்.
கையெழுத்து விழவேண்டிய இடத்தில்
பென்சிலால் சின்னப் புள்ளி இருக்கும்.
முதல் வாரம், பழக்கதோஷம், கேட்டுவிட்டார்:
"எதிர்தரப்பு எங்கே?"
தலைமைச் செயலர் சிரித்தார், மரியாதையாக.
கவர்னர் வேடிக்கையாகப் பேசுவார் என்று
கிளப்பில் சொன்னாராம்.
மூன்றாம் மாதத்திலிருந்து கேட்கவில்லை.

விசாரணையின்றி அடைக்கவேண்டியவர்கள் பட்டியல்:
பத்தொன்பது பேர்.
பதினேழாவது, பிபின் மாலோ, பள்ளி ஆசிரியர்,
த/பெ கொகுல்.
அவர் கவனித்தாரா, எனக்குத் தெரியாது.
பேனா நின்றது.
கரன்ட் போய் மின்விசிறியும் நின்றிருந்தது.
பிறகு இரண்டும் ஓடின.

மறுநாள் மை நிரப்பப் போனேன்.
முனை ஒடிந்து கிடந்தது.

பதினொன்றாம் மாதம் இன்னொரு தந்தி, ஒற்றை வரி.
காரணம் எழுதவில்லை.
இரண்டு தரம் படித்தார், பின்பக்கமும் திருப்பிப் பார்த்தார்,
அங்கே ஏதோ இருக்கும் என்பதுபோல.

கிளம்பும்போது மாளிகைச் சாமான்களை எண்ணினார்கள்.
ஒரு வெள்ளிக்கரண்டி குறைந்தது.
சமையல்காரனைக் கூப்பிட்டார்கள், என்னைக் கூப்பிட்டார்கள்,
அவரையும் உட்காரவைத்து
அரைமணி நேரம் பொறுமையாகக் கேட்டார்கள்.
சாகிப் நேராக நிமிர்ந்து உட்கார்ந்து
எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னார்.