சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து

விடியுமுன்
நானூற்றிருபது இட்லி அவிக்கிறவனிடம்
"இட்லி பந்த் கரோ" என்றார்
சயான் ஆஸ்பத்திரி டாக்டரம்மா.
விற்பதையா, தின்பதையா என்று கேட்டேன்.
சிரிக்கவில்லை.
தாளைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினார்:
வெறும் வயிற்றில் இருநூற்றுப் பதினாலு,
மூன்று மாதச் சராசரி ஒன்பது புள்ளி ஒன்று.
காலையில் என்ன சாப்பிடுகிறீர்கள்?

என்ன சொல்ல.
இருபத்திரண்டு வருஷமாய்
பாத்திரத்தின் அடியில்
விலைபோகாமல் உடைந்து கிடக்கும் ஆறேழை
மிச்சச் சட்னியில் குழைத்து
வடாலா சிக்னலில் ஒரு காலை ஊன்றியபடி
விழுங்குகிறேன்.
அதைச் சாப்பாடென்று
நானே எண்ணியதில்லை.

மிஷின் வாங்கியாயிற்று.
ஒரு பட்டை இருபத்திரண்டு ரூபாய்;
ஒரு சொட்டு ரத்தம் பார்க்க
மூன்று இட்லி விற்க வேண்டும்.

கேப்பைக் கஞ்சி என்றாள் செல்லக்கனி.
தொண்ணூறடி ரோடே சொன்னது கேப்பைக் கஞ்சி.
ஒரு சொம்பு குடித்து
இரண்டு மணி நேரம் பொறுத்து
தெம்பாகக் குத்திக்கொண்டேன்:
இருநூற்று முப்பத்தொன்று.
மிஷின் பழுது என்றாள்.
மறுநாளும் பழுதாகவே இருந்தது மிஷின்.

ஓட்ஸ் ஒரு வாரம்.
தேர்தல் போஸ்டருக்குக் காய்ச்சும் பசையில்
உப்புப் போட்ட மாதிரி.
நம்பர் சுமார்தான்;
பத்து மணிக்குள் பசி
சைக்கிள் செயினைப் பிடித்து இழுத்தது.

பக்கத்து அறை சுரேகா தாயி
விஷயம் கேட்டு ஒன்றும் பேசவில்லை.
மறுநாள் ஒரு சோள பாக்ரி,
கிண்ணத்தில் முளைகட்டிய மட்கி உசல்.
அவள் தட்டும் சத்தத்தில்தான்
என் மூன்றாவது ஈடு தினமும் வேகும்;
அதன் ருசி தெரிய
எனக்கு ஒரு வியாதி வரவேண்டியிருந்தது.
நூற்று நாற்பத்தெட்டு.

பிறகு செல்லக்கனிக்கு ரோஷம்.
இட்லி மாவு வழித்த கிரைண்டரைக் கழுவி
பச்சைப்பயறு, இஞ்சி, மிளகாய்.
அரிசி ஒரு பிடிகூட இல்லை,
சத்தியம், என்றாள்.
இரண்டு அடை, ஓர் அவித்த முட்டை:
நூற்று முப்பத்தொன்பது.
இரண்டு எதற்கு, நாலு போடு என்றேன் மறுநாள்.
மிஷின் காட்டிக் கொடுத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மட்டும்
எனக்கென்று இரண்டு இட்லி,
உடையாதது.
சாம்பாரில் காய் அள்ளிப் போட்டுக்கொண்டு
உட்கார்ந்து, மென்று.
அன்றைக்குக் குத்திக்கொள்வதில்லை.
டாக்டரம்மாவுக்கு இது தெரியாது.

போன வியாழன், பரேல்,
லேத் பட்டறை வாசல்.
எப்போதும் இரண்டு பிளேட் வாங்கி
தேங்காய்ச் சட்னிக்குச் சண்டை போடுகிற
நாரிங்கரேகர் சாயபு
"இன்று இரண்டே இட்லி" என்றார்.
இலை நீட்டிய கையைப் பார்த்தேன்.
மோதிர விரலின் பக்கவாட்டில்
எள்ளளவு சிவப்பு.

"கித்னா?" என்றேன் மெதுவாக.
"பதினைந்து. விலை உனக்குத் தெரியாதா?"
நான் என் விரலைத் திருப்பிக் காட்டினேன்.
பின்னால் நின்ற பையன்களைப் பார்த்தார்.
குரலைத் தணித்து,
"இருநூற்று ஆறு. வீட்டில் இன்னும் சொல்லவில்லை."

கேரியரில் கட்டியிருந்த
என் சொந்த டப்பாவை அவிழ்த்தேன்.
ஓர் அடை அவருக்கு, ஒன்று எனக்கு.
நின்றுகொண்டே தின்றோம்.
இஞ்சி தூக்கல் என்றார்,
சட்னி இல்லையா என்றார்,
பிறகு பர்ஸை எடுத்து
"கித்னா?" என்றார்.

நானூற்றிருபதுக்கும் விலை தெரிந்தவன்
கொஞ்ச நேரம் விழித்தேன்.
கை வீசிவிட்டு
ஹாரனை அமுக்கினேன்.
குத்திய விரல்.
சுருக்கென்றது.