வாளிக் கணக்கு

வால்பரைசோவில் மூன்று சக்கர வண்டி மிதிக்கிறவளுக்கு
இறக்கம் என்பது ஓய்வல்ல. பிரேக்.
நகராட்சி லாரி இந்தச் சந்துகளில் நுழையாது,
நாய்களும் நானும் நுழைவோம்.
ஏழு மணிக்குள் பதினோரு வாளி.
மூடிமேல் சுண்ணக்கட்டியில் கடைப்பெயர்,
மழை பெய்தால் அழிந்துவிடும்.
எனக்குப் பெயர் எதற்கு, வாசனை போதும்.

வெங்காயச் சருகும் முட்டையோடும் என்றால்
எம்பனாடா சுடும் நெலிதா.
காப்பிச் சக்கை, இன்னும் ஆறாதது,
குளிருக்குக் கையை நுழைத்துக்கொள்ளலாம்: முனைக்கடைப் பையன்.
அவகாடோத் தோல், மேலும் அவகாடோத் தோல்.
கொட்டைகளை மட்டும் தனியே கட்டித் தருவான் உபால்தோ.
அவை மட்க ஒரு ஜென்மம் ஆகும் என்று
ஒருமுறை திட்டியிருந்தேன்.

எலும்பு கூடாது. எண்ணெய் கூடாது.
எலுமிச்சை கொஞ்சமாக; புழுக்களுக்கு ஆகாது.
எத்தனை தடவை சொன்னாலும்
மீன்கடை வாளியைத் திறந்தால் ஒரு தலை
என்னையே பார்த்துக்கொண்டிருக்கும்.
அதற்காகத்தான் கடற்காகங்கள் கூடவே வருகின்றன,
என்மேல் பிரியத்தால் அல்ல.

வாய் சொல்லாததை வாளி சொல்லும்.
சூப்புக்கடை எலெயுத்தேரியோவின் வாளியில்
ஏப்ரலில் தோலும் காம்பும்தான். ஆறு கிலோ.
மே மாதம் தோலுக்குமேல் அவித்த பயறு.
ஜூனில் ஒரு பானைப் பூசணிச் சூப்பு,
கரண்டி படாமல், ஆடை கட்டி.
பதினெட்டு கிலோ.
மரத்தூளை இரண்டு மடங்கு கொட்டிக் கலக்கவேண்டியிருந்தது.

தராசு முள் ஏற ஏறக்
கடை இறங்கிக்கொண்டிருந்தது.
"வியாபாரம் எப்படி?" என்று நான் கேட்கவில்லை.
"முதுகு எப்படி?" என்று அவர்தான் கேட்டார்.
"பழகிவிட்டது" என்றேன்.
தனக்கும் அதே பதில்தான் என்பதுபோல்
தலையாட்டினார்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை
வாளி காலி.
கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.
எல்லாம் விற்றுத் தீர்ந்ததா,
எதையுமே ஆக்கவில்லையா?
வெறும் வாளிக்கு இரண்டும் ஒன்றுதான்.
கதவில் பூட்டு. எழுதி ஒட்டிய தாள் எதுவும் இல்லை.
பதிவேட்டில் சுழியம் போட
இவ்வளவு நேரம் எனக்கு ஆனதில்லை.

மேலே களத்தில், பனியில்,
அவருடைய ஜூன் மாதக் குவியலிலிருந்து ஆவி வந்தது.
வெப்பமானியைச் செருகினேன்: அறுபத்திரண்டு.
ஒருவரும் குடிக்காத சூப்பு
இப்போது கொதித்துக்கொண்டிருந்தது.

அடுத்த செவ்வாயும்
அந்தப் படியருகே வண்டி நின்றது.
பிரேக்கில் பழுது ஒன்றும் இல்லை.