கூடம் கோணல்

ஆடத் தெரியாதவள்
கூடம் கோணல் என்றாளாம்.
சிரித்தீர்கள், சரி.
யாராவது ஒருவர் டேப் எடுத்துப் போய்
அந்தக் கூடத்தை அளந்து பார்த்தீர்களா?

நான் அளந்தேன்.
ஸ்லைகோ பந்தயத் திடல்,
வியாழன், காலை ஆறரை,
சப்பாத்துக்குள் பனி.
ஒரு வளைவு முடிவதற்குள்
அடுத்த வளைவு கண்ணில் இடிக்கிறது.
கடைசி நேர்தடம் என் காலுக்கே சிறிது.
என் எட்டு பெரிய எட்டு;
ஃபின்டன் வீட்டுச் சமையலறை நிலைப்படியில்
பதினோரு வருடமாகத்
தலையை இடித்துக்கொள்பவள் நான்.

பெட்டையின் பெயர் செவ்வாய்த் தபால்.
தபால்காரர் கேட்டைத் திறந்து போட்டுப் போன ஒரு செவ்வாயன்று
தாய்க்குதிரை நடுச்சாலையில் ஈன்றது இவளை.
கருஞ்சிவப்பு.
தோள் சரிந்து, சரிந்து,
முதுகின் பாதிவரை போகிறது.
பின்னங்கால் எங்கே முடிகிறது என்று பார்க்க
நாம் இரண்டடி பின்வாங்க வேண்டும்.

சின்னத் திடல்களில் நான்கு ஓட்டம்.
ஒன்பதாவது. ஏழாவது. கடைசி.
கடைசிக்கு முந்தி.
"சோம்பேறி" என்றார் மருந்துக்கடை ஹெஃபர்னன்,
ரசீதுக்குச் சொந்தக்காரர்.
விற்றுவிடு என்றார். விலையும் சொன்னார்:
பழைய காருக்குக் கேட்கிற விலை.

அதே லாயத்தில் பட்டன் இருந்தான்.
பீப்பாய் நெஞ்சு, முக்காலிக் கால்.
ஸ்லைகோ வளைவில் அவன்
தட்டில் சுழலும் காசு.
மூன்று கோப்பை. கெட்டிக்காரன் என்றார்கள்.
கெட்டிக்காரன்தான்.
அவன் கூடத்தில் அவன் ஆடினான்.

மணல்தடத்தைச் சீவிவிட்ட ஒரு காலையில்
இருவரையும் தனித்தனியே பாயவிட்டு
முழங்காலிட்டுப் பார்த்தேன்,
வலது முன்குளம்பிலிருந்து
மறுபடி வலது முன்குளம்புவரை.
அவனுக்கு இருபது அடி.
அவளுக்கு இருபத்தைந்து.
அவன் ஐந்து பாய்ச்சலில் கடப்பதை
அவள் நான்கில் கடக்கிறாள்.
ஆனால் வளைவில்
அந்த இருபத்தைந்தை எங்கே மடித்து வைப்பாள்?
அலமாரிக்குள் நின்று
கம்பளி உதறச் சொன்னோம் அவளை,
நான்கு தடவை.

இன்னொன்றும் மணல் சொன்னது:
தடம் ஆழமில்லை.
புல்நுனி சீவிப் போகிறவள்.
சேறு ஆகாது.

தீவன பில்லின் முதுகில் எழுதினேன்:
கரா. ஆகஸ்ட். பத்து ஃபர்லாங்.
மழை பெய்தால் திருப்பிக் கூட்டி வா.

பெய்தது.
விடிகாலை முழுக்க. நான்தான் வரவழைத்தேன் என்பதுபோல்
ஃபின்டன் என்னைப் பார்த்தான்.
திடல்காரர் கோலைக் குத்தினார், உருவினார், குத்தினார்.
பத்து மணிக்குக் காற்று எழுந்து
சமவெளியைத் துடைக்க ஆரம்பித்தது.
ஓடலாமா என்று யாரும் கேட்கவில்லை.
சேணம் போட்டோம்.

ஜாக்கி டெய்த்தி ப்ரெனிடம் நான் சொன்னது ஒன்றுதான்:
வளைவு முடியும்வரை எதுவும் செய்யாதே.
அதற்குப் பிறகும் ரொம்பச் செய்யாதே.

அங்கே வளைவு
வளைவு என்றே தெரியாது.
எட்டாவதாக வெளியே வந்தாள்.
முன்னே நேர்தடம், மேடேறி, ஆட்டுப்புழுக்கை நெடியோடு,
வானம்வரை.

அப்போது கால் மாற்றினாள்.
வலதை விட்டு இடதை முன்வைத்தாள்.
நான்கு பந்தயத்தில் ஒருமுறையும் நான் காணாதது.
அதற்கு ஒரு நொடியும் கொஞ்சம் இடமும் வேண்டும்.
கழுத்து இறங்கியது.
தோள் திறந்தது.
ஆறாவது, ஐந்தாவது, மூன்றாவது.
அவசரப்பட்டதாகவே தெரியவில்லை.
மற்றவர்கள்தான்
பின்னோக்கி வந்துகொண்டிருந்தார்கள்.

மூக்களவில் இரண்டாவது.

நான் ஓடிப்போய் வாரைப் பிடித்தேன்.
அவள் மூச்சு என் சட்டையை நனைத்தது.
நரம்புகள் கழுத்தில் கொடியாய் எழுந்து நின்றன.
வேலியருகே ஹெஃபர்னன்
தொப்பியைக் கசக்கிக் கசக்கி,
முகம் பீட்ரூட்டாகி,
கேட்கிறவர் கேட்காதவர் எல்லோரிடமும் சொல்கிறார்:
"இன்னும் இருபது கஜம் இருந்திருந்தால்!
திடல் குட்டை, ஐயா.
இந்தத் திடல் குட்டை."

டேப் என் பையில்தான் இருந்தது.